ஹெட்போனுக்கு ஆம்ப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

காட்பாடியில் என் சர்வீஸ் கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் பலரிடம் இப்போது நல்ல ஹெட்போன் இருக்கிறது. முதல் சம்பளத்திலோ, மாதாமாதம் சேர்த்துவைத்த காசிலோ ஆசைப்பட்டு வாங்கியது. அடுத்த கேள்வி உடனே வரும்: "அண்ணா, இதுக்கு எந்த ஆம்ப் போடலாம்?" ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபயர், பாட்டின் சிக்னலைப் பலப்படுத்தி ஹெட்போனை ஓட்டுகிற பெட்டி. நான் பெயர் எதையும் சொல்வதில்லை. ஹெட்போன் வந்த பெட்டியை எடுத்துவரச் சொல்வேன். அதில் இரண்டு எண்கள் அச்சடித்திருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டுகிற தடை, ஓம் கணக்கில். இன்னொன்று சென்சிடிவிட்டி, கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, டெசிபல் கணக்கில். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஆம்ப் தேடுகிற வேலை முக்கால்வாசி முடிந்த மாதிரி. இல்லாமல் தேடினால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எல்லாமே சரியாகத்தான் படும்.

எனக்கு இந்தக் கணக்கு வந்தது அப்பாவின் மைக் செட்டிலிருந்து. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா என்றால் தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். கடைசிக் குழாய் வரைக்கும் ஒயர் நீண்டுகொண்டே போகும். அவ்வளவு தூரத்துக்கு 100 வோல்ட் லைன்தான் சரிப்படும்: வோல்ட் அதிகம், ஒயரில் ஓடுகிற மின்னோட்டம் குறைவு. மேடைப் பக்கத்துப் பாக்ஸ் ஸ்பீக்கருக்கு 8 ஓம் அல்லது 4 ஓம் முனை: வோல்ட் குறைவு, மின்னோட்டம் அதிகம், ஒயரும் தடிமன். ஒரே ஆம்பின் முதுகில் இரண்டுக்கும் தனித்தனி முனை இருக்கும். மாற்றிக் கொடுத்தால் ஒன்று சத்தம் வராது, இல்லாவிட்டால் ஆம்ப் சூடாகிப் படுத்துவிடும்.

ஹெட்போனிலும் இதே இரண்டு வகைதான். சென்ஹைசர் எச்டி 650 என்பது 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 880 மாடலில் 32, 250, 600 ஓம் என மூன்று ரகம் உண்டு. இவற்றில் ஓம் அதிகமானவை 100 வோல்ட் லைன் குழாய் மாதிரி வோல்ட்டைக் கேட்கும், மின்னோட்டம் கொஞ்சம்தான் குடிக்கும். இன்னொரு பக்கம் ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 20 ஓம், ஹைஃபைமேன் சுந்தரா 37 ஓம். இப்படிப்பட்ட பிளேனர் ரகங்கள் (காந்தத்தின் பக்கத்தில் மெல்லிய படலம் அதிர்ந்து சத்தம் தருபவை) கொஞ்சம் வோல்ட்டிலேயே பேசும், ஆனால் மின்னோட்டத்தைத் தாராளமாகக் கேட்கும். ஓம் அதிகமானால் ஓட்டுவது கஷ்டம், குறைந்தால் சுலபம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி சென்சிடிவிட்டியில் இருக்கிறது.

காகிதமும் பேனாவும்

முதலில் எவ்வளவு சத்தம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆசை தீரச் சத்தமாகக் கேட்கிறவர்கள்கூடச் சராசரியாக 80, 85 டெசிபலைத் தாண்டத் தேவையில்லை. ஆனால் நல்ல ரெக்கார்டிங்கில் தவில் அடி விழுகிற அந்தக் கணம் சராசரியை விட 20 டெசிபலுக்கு மேல் எகிறும். அதனால் உச்சத்துக்கு 110 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கில் வருகிற வோல்ட்டை அப்படியே இரண்டு மடங்காக்கிக் கையிருப்பு வைத்தால் எந்தப் பாட்டுக்கும் ஆம்ப் மூச்சு வாங்காது.

கணக்குக்குத் தேவையான விதிகள் சிறியவை. வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 20 டெசிபல். வாட் இரட்டித்தால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

எச்டி 650-ஐ எடுத்துக்கொள்வோம். 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். 2 வோல்ட்டில் 109 வந்துவிடுகிறது. 110-க்கு 2.2 வோல்ட், கையிருப்போடு 4.5 வோல்ட். அதை 300-ஆல் வகுத்தால் 15 மில்லி ஆம்பியர். இவ்வளவுதான் இந்த ஹெட்போனின் தேவை. மின்னோட்டம் ஒன்றுமே இல்லை, வோல்ட்தான் வேண்டும்.

சுந்தராவுக்கு 1 மில்லிவாட்டில் 94 டெசிபல். 10 மில்லிவாட்டில் 104, 40 மில்லிவாட்டில் 110. 0.04-ஐ 37-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.2 வோல்ட். மின்னோட்டம் 33 மில்லி ஆம்பியர். கையிருப்பு சேர்த்தால் 2.4 வோல்ட், 65 மில்லி ஆம்பியர். வோல்ட்டில் எச்டி 650-இல் பாதி, மின்னோட்டத்தில் நாலு மடங்குக்கும் மேல்.

எல்சிடி-எக்ஸ் மில்லிவாட்டுக்கு 103 டெசிபல். 110-க்கு 5 மில்லிவாட் போதும், அதாவது 0.32 வோல்ட். விலையைப் பார்த்தால் பெரிய ஆம்ப் வேண்டும் போலத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் சட்டைப் பையில் அடங்குகிற, போனில் செருகுகிற குட்டி ஆம்பான நல்ல யூஎஸ்பி டாங்கிள் அதைத் தாராளமாக ஓட்டும். விலைக்கும் ஓட்டுகிற கஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எதிர்ப்பக்கம் ஹைஃபைமேன் சுஸ்வரா. 60 ஓம், மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான். 110 வேண்டுமென்றால் 500 மில்லிவாட், 5.5 வோல்ட், 90 மில்லி ஆம்பியர். கையிருப்போடு 11 வோல்ட், 2 வாட். 60 ஓம் என்கிற எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. இந்த வகை ஹெட்போன் வாங்குகிறவர்கள் ஆம்புக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்க வேண்டும். அதே கம்பெனியின் பழைய எச்இ-6 இருந்த காலத்தில் ஸ்பீக்கர் ஆம்பின் முனையிலிருந்தே கம்பி இழுத்து ஓட்டியவர்கள் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில கம்பெனிகள் சென்சிடிவிட்டியை 1 வோல்ட்டுக்குச் சொல்லும், சில 1 மில்லிவாட்டுக்குச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 32 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டுக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம் வரும், 300 ஓமில் 5 டெசிபல். பெட்டியில் டெசிபலுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

இப்போது ஆம்பின் பக்கம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற வாட், 16 ஓமிலோ 32 ஓமிலோ அளந்ததாக இருக்கும். உங்கள் ஹெட்போனின் ஓமில் எவ்வளவு என்பதைத் தேடிப் பிடியுங்கள். 32 ஓமில் 1000 மில்லிவாட், 300 ஓமில் 100 மில்லிவாட் என்று போட்டிருந்தால், 0.1-ஐ 300-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஏறக்குறைய 5.5 வோல்ட். எச்டி 650-க்கு 4.5 வேண்டும் என்று பார்த்தோம். போதும். மேலே எவ்வளவு கொடுத்தாலும் உங்கள் காதுக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது.

டாங்கிளோ லேப்டாப்போ 1 வோல்ட் கொடுக்கிறது என்றால் எச்டி 650-இல் உச்சம் 103 டெசிபலில் நிற்கும். மெதுவாகக் கேட்கிற ஆளுக்கு அதுவே போதும். அவரை ஆம்ப் வாங்கச் சொல்லி நான் அனுப்புவதில்லை, ஹெட்போனோடு சந்தோஷமாக இருங்கள் என்றுதான் சொல்கிறேன். 600 ஓம் டிடி 880 வைத்திருப்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு 110 டெசிபலுக்கே 4 வோல்ட் வேண்டும், கையிருப்போடு 8 வோல்ட்.

ஆம்பின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓம்

வோல்ட் கணக்கு சத்தத்தைச் சொல்லும். சத்தத்தின் நிறத்தை மாற்றுவது ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ். இதைத்தான் வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை, விற்கிறவர்களும் பல சமயம் சொல்வதில்லை.

டைனமிக் ஹெட்போனின், அதாவது ஸ்பீக்கர் மாதிரிக் கம்பிச் சுருள் அதிர்ந்து சத்தம் தருகிற ரகத்தின் ஓம் எல்லா ஸ்வரத்திலும் ஒரே அளவில் நிற்காது. எச்டி 650 பெயருக்கு 300 ஓம், ஆனால் பேஸ் பகுதியில் 500 ஓம் அளவுக்கு ஏறும். ஆம்பின் உள்ளே 120 ஓம் இருந்தால், வருகிற வோல்ட்டை ஆம்பும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்ளும். 300 ஓம் இருக்கிற இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 71 சதவீதம், 500 இருக்கிற இடத்தில் 81 சதவீதம். பேஸ் ஒரு டெசிபல் தூக்கலாக வரும். எச்டி 650-இல் அது இதமாகக்கூட இருக்கும், வால்வு ஆம்பில் இந்த ஹெட்போன் இனிக்கிறது என்று சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான். அதே ஆம்பில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால், அதன் ஓம் பேஸில் 80 வரை போகிறது என்றால், 5 டெசிபலுக்கு மேல் பேஸ் வீங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்கும், வலந்தலை எங்கோ போய்விடும்.

ஆம்பின் ஓம் ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. 32 ஓமுக்கு 4 ஓம். காதுக்குள் செருகுகிற ரகத்தில் பல டிரைவர் (சத்தம் எழுப்புகிற பகுதி) உள்ளவை என்றால் 1 ஓமுக்குக் கீழே பாருங்கள். பிளேனரின் ஓம் மேலேயும் கீழேயும் அலையாது, அதனால் நிறம் மாறாது. ஆனால் வோல்ட் வீணாகும்.

சந்தேகம் இருந்தால் அளந்துவிடலாம், கஷ்டமே இல்லை. நான் கடையில் செய்வதைச் சொல்கிறேன். ஒரு 33 ஓம் ரெசிஸ்டர், ஆரஞ்சு ஆரஞ்சு கறுப்பு பட்டை போட்டது, அரை வாட் ரகம். பழைய ஆடியோ ஒயர் ஒன்றை வெட்டி அதன் நுனிகளை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசி 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், அது இந்த வேலைக்கு உதவாது. 2 வோல்ட் வரிசை உள்ளதோ, தானாக வரிசை மாற்றிக்கொள்வதோ வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், சாதாரண மீட்டர்கள் கரண்டின் 50 ஹெர்ட்ஸை அளப்பதற்காகச் செய்தவை, 1000 ஹெர்ட்ஸில் பொய் சொல்லக்கூடும்.

ஹெட்போன் செருகாமல் வால்யூமைத் திருகி மீட்டரில் 1.00 வோல்ட் வர வையுங்கள். குமிழைத் தொடாமல் ரெசிஸ்டரைக் குறுக்கே வையுங்கள். 0.97-க்கு இறங்கினால், குறைந்த 0.03-ஐ 0.97-ஆல் வகுத்து 33-ஆல் பெருக்கினால் 1 ஓம். அருமையான ஆம்ப். 0.22-க்கு விழுந்தால் 117 ஓம். பழைய ஸ்டீரியோ ரிசீவர்களில் இப்படித்தான் வரும். அவற்றில் ஹெட்போன் ஜாக்குக்கென்று தனி சர்க்யூட் இருக்காது, ஸ்பீக்கர் அவுட்புட்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாக இழுத்து விட்டிருப்பார்கள். அவை 300 ஓம், 600 ஓம் ஹெட்போனுக்கு நல்ல துணை. வீட்டில் தாத்தா காலத்து ரிசீவர் இருந்தால் புது ஆம்ப் வாங்கும் முன் அதைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். வால்யூமை அடியிலிருந்து ஏற்ற வேண்டும், அதில் வாட் நிறைய.

வால்வா, டிரான்சிஸ்டரா

இது ருசி. நல்ல அளவுகள் உள்ள இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்களைச் சத்தம் சமமாக்கிக் கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பிரித்துச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சத்தத்தைச் சமமாக்காமல் கேட்டவர்கள். அரை டெசிபல் கூடுதலாக ஓடுகிற ஆம்ப் தெளிவாக, விரிவாக, உயிரோடு இருப்பது போலவே காதுக்குத் தோன்றும். அதனால் இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது அதே 100 ஹெர்ட்ஸ் டோனை வைத்து, ஹெட்போன் செருகிய நிலையில் இரண்டிலும் வோல்ட் ஒன்றாக இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபல்தான். அப்புறம் கேளுங்கள். அப்போதும் ஒன்று உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக அதையே வாங்குங்கள்.

வால்வு ஆம்ப் வேறு கதை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை இயல்பிலேயே அவுட்புட் ஓம் அதிகமானது, வோல்ட் தாராளம், மின்னோட்டம் கஞ்சம். 300 ஓம், 600 ஓம் சென்ஹைசர், பேயர்டைனமிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பிளேனருக்கு வேண்டாம். பாட்டில்ஹெட் கிராக் என்று கிட்டாக வருகிற ஆம்ப் இந்த வகைக்குப் பெயர் பெற்றது, ஒரு 12ஏயூ7 வால்வும் ஒரு 6080 வால்வும் அதில் இருக்கும். சால்டரிங் தெரிந்த பிள்ளைகளுக்கு நல்ல பாடம். உள்ளே நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும் என்பதை மறக்கக் கூடாது.

வேலூருக்கென்று ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அந்த 6080 வால்வின் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது 16 வாட், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்கும். கிளாஸ் ஏ டிரான்சிஸ்டர் ஆம்பும் அப்படித்தான், சும்மா இருக்கும்போதும் சூடு கக்கும். வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரில், மே மாதம் சத்துவாச்சாரி மாடி அறையில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறபோது, இன்னொரு அடுப்பை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று யோசித்து வாங்குங்கள். ஆம்புக்கும் அது நல்லதில்லை. உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறையப் பாதியாகும். மர அலமாரிக்குள் அடைத்து, மேலே டாக்கை (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றுகிற பெட்டி) அடுக்கி வைத்துவிட்டு, "இன்னாண்ணா, ரெண்டு வருஷத்துலயே ஹம் அடிக்குது" என்று கொண்டுவந்தால் நான் கண்டென்சரை மாற்றித் தரலாம். அலமாரியை நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஆம்பைச் சுற்றி நாலு விரல் இடமாவது விடுங்கள், மேலே ஒன்றும் வைக்காதீர்கள்.

ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்போனுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதன் இப்போதைய மாடல்களுக்கு 580 வோல்ட் பயாஸ் (எப்போதும் நிற்கிற மின்னழுத்தம்) வேண்டும், அதற்கென்றே செய்த ஆம்ப், டிரைவர் யூனிட் என்ற பெயரில் தனியாக இருக்கும். சாதாரண ஆம்பின் ஹெட்போன் ஜாக்கில் அது ஓடாது.

கரண்ட், எர்த், இன்வெர்ட்டர்

ஆம்ப் சரியில்லை என்று கடைக்கு வருகிறவற்றில் எர்த் கோளாறுகள் நிறைய. கம்ப்யூட்டரில் யூஎஸ்பி செருகியதும் உம்மென்று ஹம், மவுஸை நகர்த்தினால் கிறீச் சத்தம், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி. இதற்கு ஆம்பை மாற்றிப் பயன் இல்லை. டாக்கில் ஆப்டிகல் இன்புட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ வெளிச்சம்தான் போகும், எர்த் சுற்று அங்கேயே அறுந்துவிடும். ஆப்டிகல் இல்லை என்றால் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கலாம். கொசப்பேட்டை மாதிரிப் பழைய பகுதிகளில் உள்ள வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். இது பாட்டுக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். அது சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் ரீங்காரம் போடும், சூடும் கூடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வருகிற அந்த நொடிதான் ஹெட்போனுக்கு ஆபத்து. பாதுகாப்பு ரிலே உள்ள ஆம்பில் சுவிட்ச் போட்டுச் சில நொடி கழித்து உள்ளே "டிக்" என்று கேட்கும், அதற்குப் பிறகுதான் ஹெட்போனுக்குத் தொடர்பு கிடைக்கும். நம் ஊருக்கு ஆம்ப் வாங்கினால் அந்த "டிக்" இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வால்வு ஆம்பில் அது இல்லையென்றால் வால்வு சூடான பிறகு ஹெட்போனைச் செருகுங்கள், அணைக்கும் முன் பிடுங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கிவருகிற ஆம்பில் 115 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் 230 வோல்ட் சுவரில் செருகாதீர்கள். இன்னொன்று, ஷீட் மேக்னி, ஜேடிஎஸ் லேப்ஸ் ஓ2 போன்ற சில ஆம்ப்கள் ஏசி அவுட்புட் தருகிற அடாப்டரில் ஓடுபவை. அடாப்டர் தொலைந்தால் கடையில் கிடைக்கிற டிசி அடாப்டரைப் போடக் கூடாது. வோல்ட்டும் பின்னும் பொருந்தினாலும் ஆம்ப் ஓடாது.

பேலன்ஸ்டு, கெயின், குமிழ்

பேலன்ஸ்டு அவுட்புட்டில், அதாவது இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகப் பிளஸ் மைனஸ் ஓடுகிற ஜாக்கில், வோல்ட் இரட்டிப்பாகும், வாட் நாலு மடங்கு வரை போகலாம். சுஸ்வரா வைத்திருப்பவருக்கு அது தேவை. எல்சிடி-எக்ஸ் வைத்திருப்பவருக்குச் சாதாரண ஜாக்கிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது, கேபிளுக்குத் தனியாகக் காசு கொடுக்க அவசியமில்லை. பேலன்ஸ்டு ஜாக்கிலிருந்து சாதாரண ஹெட்போன் பின்னுக்கு மாற்றுகிற அடாப்டரை மட்டும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள். இடது வலது மைனஸ் இரண்டையும் அது ஒன்றாக இணைத்துவிடும், பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இரண்டிலும் சிக்னல் ஓடுகிறது. அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

கெயின் சுவிட்ச், அதாவது உள்ளே வருகிற வோல்ட்டை ஆம்ப் எத்தனை மடங்காக்கும் என்பதை மாற்றுகிற சுவிட்ச், இருக்கிற ஆம்பையே தேர்ந்தெடுங்கள். சாதாரண டாக் 2 வோல்ட் தரும். எச்டி 650-க்கு 4.5 வேண்டும் என்றால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலான கெயின் போதும். பத்து மடங்கு வைத்தால் குமிழை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குத் திருகுவதற்குள் காது கிழியும். குமிழின் அந்த அடிப்பகுதியில்தான் இடதும் வலதும் சமமாக இருக்காது, பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். நீங்கள் வழக்கமாகக் கேட்கிற சத்தம் குமிழில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் விழுகிற கெயினை வையுங்கள். காதுக்குள் செருகுகிற ரகத்துக்குக் குறைந்த கெயின் கட்டாயம், இல்லாவிட்டால் பாட்டு இல்லாத இடத்தில் உஸ்ஸென்ற இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நல்ல ஆம்ப் சத்தத்தை ஏற்றினாலும் சிதையாது, அதனாலேயே எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று தெரியாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றால் 88-இல் நாலு மணி நேரம், 100-இல் பதினைந்து நிமிடம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்.

கேட்டுப் பார்க்கும்போது

கடைக்காரர் போடுகிற பாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது எந்த ஆம்பிலும் இனிக்கிறதுக்காகவே பொறுக்கி எடுத்ததாக இருக்கும். நான் வைத்திருப்பது நம் பக்கத்துத் தெருக்கூத்து ரெக்கார்டிங், திறந்தவெளியில் எடுத்தது. முகவீணை கூர்மையாக மேலே நிற்கும், ஆர்மோனியம் நடுவில், மிருதங்கம் கீழே, கூத்தாடியின் கட்டைக் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால். வோல்ட் பற்றாத ஆம்பில் முகவீணை உச்சத்துக்குப் போகும்போது காதில் குத்துகிற ஒரு கரகரப்பு வரும். அது வாத்தியத்தின் குணமா, ஆம்பின் குறையா என்று தெரிந்துகொள்ள வால்யூமைக் கால்வாசி குறைத்துக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் ஆம்பின் குறை. அப்படியே நின்றால் ரெக்கார்டிங்கிலோ ஹெட்போனிலோ இருக்கிறது, ஆம்பை மாற்றித் தீராது. உங்களுக்கு நாதஸ்வரமோ பறையோ பழக்கம் என்றால் அதைக் கொண்டுபோங்கள். நேரில் கேட்டுப் பழகிய வாத்தியம்தான் அளவுகோல்.

ஆம்ப் மாற்றும் முன் காதுப் பேடையும் பாருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் தோலுக்குப் பேர் போன ஊர்கள், இங்கே தோல் எப்படிக் காய்ந்து வெடிக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பேட் வெடித்துக் காற்று கசிந்தால் பேஸ் கரைந்துவிடும். அதைப் புதிதாக மாற்றினால் வருகிற வித்தியாசத்தை எந்த ஆம்பும் கொடுக்காது, செலவும் குறைவு.

பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் விற்பவரின் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆம்பைப் போட்டு இருபது நிமிடம் சூடாகவிடுங்கள். பாட்டு வேண்டாம், வால்யூம் அடியில் இருக்கட்டும். மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்டில் வைத்து ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையே பாருங்கள், அப்புறம் நடு வளையத்துக்கும் அடிக்கும். இடது வலது இரண்டும் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் விலை பேசுவதற்கு முன் சர்வீஸ் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஹெட்போனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம், உள்ளே ஏதோ ஒரு டிரான்சிஸ்டரோ கண்டென்சரோ போயிருக்கிறது. பிறகு வால்யூமை மெதுவாக முழுச் சுற்றும் திருகியபடியே மீட்டரைப் பாருங்கள். எண் குதித்தால் குமிழ் தேய்ந்திருக்கிறது, அல்லது முன்னால் இருக்கிற சர்க்யூட்டிலிருந்து டிசி கசிகிறது. அதைச் சரிசெய்யலாம், பெரிய செலவில்லை. எல்லாம் சரி என்றால் முதலில் ஒரு மலிவான இயர்போனைச் செருகிச் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள், பலமாக "டப்" அடிக்கிறதா என்று. அதன் பிறகு உங்கள் ஹெட்போனை எடுக்கலாம்.